பெருமுக்கல் பேயும் சிரிக்காத பிள்ளையும்

பொறாமைப்பட்டதற்காகப் பூசாரியிடம் வேப்பிலையடி வாங்கியவள் இந்தப் பக்கத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வாய் பேசக் கற்பதற்கு முன்னால் மனுசர்கள் முகத்தாலேயே பேசியிருக்க வேண்டும். கைக்குழந்தையைப் பார்த்தாலே தெரியும். அதற்கு நம் பேச்சு வேண்டாம், முகத்தைப் படித்துக்கொள்ளும். நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். என் முகத்திலோ படிக்க ஓர் எழுத்துகூட இருக்காது. அத்தனை கூச்சம். சந்தோஷம், துக்கம், பல்வலி எல்லாவற்றுக்கும் ஒரே முகம்தான்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் புகுந்த வீடு. என் மூத்த மகனுக்கு ஐந்து மாதம் ஆனபோது கொழுந்தனுக்குக் கல்யாணமாகி, விழுப்புரத்திலிருந்து என் ஓர்ப்படி சரோஜா வந்து சேர்ந்தாள். அவளுக்குப் புருவம் தனியாகப் பேசும், கன்னம் தனியாகப் பேசும். தூளி மேல் குனிந்து கண்ணை உருட்டி உதட்டைக் குவித்தால் போதும், என் பிள்ளை பொக்கை வாய் தெரியச் சிரிப்பான். நான் குனிந்தால் சுவரைப் பார்ப்பது போலப் பார்ப்பான். (பசித்தால் மட்டும் சுவரைத் தேடுவான்.)

பால் நான் கொடுக்க வேண்டும், சிரிப்பு மட்டும் அவளுக்கா என்று எனக்கு வயிறு எரிந்தது. யாரிடம் சொல்வது? மாட்டுக் கொட்டகையில் கைக்கண்ணாடியைச் செருகி வைத்து, சரோஜா மாதிரியே முகம் காட்டிப் பழகினேன். புருவத்தைத் தூக்கினால் காதுதான் அசைந்தது. ஒரு வாரம் கழித்துக் கன்றுக்குட்டியிடம் செய்து காட்டினேன். அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மல்லாட்டைப் புண்ணாக்கோடு உள்ளே வந்த மாமியார் இதைப் பார்த்துவிட்டார். கையிலிருந்தது கீழே விழுந்தது.

"என்னாடி பண்ணிக்கினு இருக்கே?"

பொறாமை என்று எப்படிச் சொல்வது? என் பழைய முகத்தோடு நின்றேன். வாய் திறக்காத பேய் ரொம்பப் பொல்லாதது என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை, அம்மன் கோயில் வாசல். தெருவே கூடியிருந்தது. முன் வரிசையில் என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சரோஜா. அங்கேயும் அவன் அவளைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தான்.

பூசாரி என் முகமெல்லாம் திருநீறு அப்பி, வேப்பிலையை ஓங்கினார்.

"எந்த ஊரு நீ?"

பெரிய மனுசர் கேட்கிறாரே என்று, "பெருமுக்கலுங்க" என்றேன். கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது. (என் பிறந்த ஊரே அதுதான். பேயும் சீர்வரிசையோடு சேர்ந்து வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.)

"இங்க எதுக்கு வந்தே?"

"கட்டிக் குடுத்தாங்க."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பூசாரிக்குக் கோபம் வந்து, முகத்திலேயே இரண்டு விளாசு விளாசினார். "கோழியா, சாராயமா? என்னா வேணும், ஜல்தி சொல்லு."

கண் எரிந்தது. கூச்சம் எங்கே போனதோ தெரியவில்லை.

"என் புள்ள என்னைப் பார்த்துச் சிரிக்கணும். எப்பப் பாரு அவளையே பார்த்துச் சிரிச்சிக்கினு இருக்கான்" என்று ஊரே கேட்க அழுதுவிட்டேன்.

வேப்பிலை கீழே இறங்கியது. சரோஜாவின் முகம் அன்றைக்குத்தான் அசையாமல் நின்றது. மெதுவாக வந்து பிள்ளையை என் முன்னால் நீட்டி, "கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனே, அக்கா" என்றாள்.

திருநீறு, கண்ணீர், புருவத்தில் ஒட்டிய வேப்பிலை, கோணிய வாய். பிள்ளை என்னை உற்றுப் பார்த்தான். பிறகு உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தான். பேய் இறங்கிவிட்டது என்று பூசாரி சொல்லி, கோழியையும் வாங்கிக்கொண்டு போனார்.

அவனுக்கே இப்போது அறுபது தாண்டிவிட்டது. போன வாரம் என் கொள்ளுப்பேரனைக் கொண்டுவந்து காட்டினார்கள். இந்த வயதிலும் சரோஜா புருவத்தைத் தூக்கினாள். அவன் சிரித்துவிட்டான். நான் எழுந்து உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன்.

வெளியிலிருந்து என் மகன் குரல் கொடுத்தான்: "எந்த ஊரு நீ?"