அண்ணன் உட்கார்ந்த நாற்காலி

லாரியின் பின்பலகையில் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதிக்கொண்டிருந்த அர்த்தநாரிக்குக் கடைசி எழுத்தில் விக்கல் வந்தது. பிரஷ் துள்ளியது. எழுத்துக்கு ஒரு முழ நீளத்தில் வால் முளைத்தது.

“என்னய்யா இது, எழுத்தா, கொரங்கு வாலா?” என்றார் லாரி ஓனர் கருப்பண்ணன்.

“தொடச்சுட்டு மறுக்கா எழுதிடறேனுங்... விக்!”

“காலையிலிருந்து மூணு தடவை தொடச்சாச்சு. பலகையே தேஞ்சுரும் போல.”

நாற்பது நாளாக இதே கதைதான். நாமக்கல் பட்டறைகளில் அர்த்தநாரியைப் போல நேர்கோடு இழுக்க ஆளில்லை என்று பேர். இப்போது அந்தப் பேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டிருந்தது.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏழு மடக்குத் தண்ணீர் குடித்தார். சர்க்கரையைத் தின்றார். திடுக்கிட வைத்தால் நிற்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, கருப்பண்ணனே பின்னால் வந்து ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார். சிவப்புப் பெயிண்ட் டப்பா பறந்துபோய்க் கருப்பண்ணனின் வெள்ளை வேட்டியில் கவிழ்ந்தது. விக்கல் மட்டும் அசையவில்லை.

“யாரோ உங்களை நெனைக்கறாங்க. பேரைச் சொல்லுங்க, செரியான பேருக்கு நின்னுரும்” என்றாள் பக்கத்து வீட்டுக் குப்பாயி. சொன்னதோடு நிற்காமல் அவளே உட்கார்ந்து ஊரிலுள்ள பேரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாமியார், சித்தப்பா, செத்துப்போனவர்கள் எல்லோரும் ஆயிற்று. ‘பெரியநாயகி’ என்றபோது விக்கல் பத்து எண்ணும் வரை நின்றது.

“யாரு? அந்த இட்லிக்கடைக்காரியா?” என்றாள் அர்த்தநாரியின் மனைவி சௌந்திரம்.

“போர்டு எழுதிக் குடுத்தேன், அவ்வளவுதான்... விக்!”

அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்த வீட்டில் காப்பி போடப்படவில்லை.

ஒரு பேரை மட்டும் யாரும் சொல்லவில்லை. அது அவருடைய அண்ணன் ராசப்பனின் பேர். ஒன்பது வருஷத்துக்கு முன் ஆட்டையாம்பட்டியில் அண்ணன் வீட்டில் அம்மா இறந்தபோது தந்தி ஒரு நாள் தாமதமாக வந்தது. அர்த்தநாரி ஓடிப்போய்ச் சேர்ந்தபோது எரியூட்டி முடிந்திருந்தது. அம்மா முகத்தைப் பார்க்க விடாத அண்ணனின் பேர் இந்த வீட்டில் கேட்கக்கூடாது என்று அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, உடம்பில் கோளாறு இல்லை என்று சொல்லி, சூரமங்கலத்தில் இருக்கும் மனநல டாக்டர் கமலவேணிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சேலம் போகும் பஸ்ஸில் கண்டக்டர் உட்பட எல்லோரும் ஆளுக்கொரு பேர் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். “வெளிய சொல்லாம உள்ளுக்குள்ளயே முழுங்கி வெச்சது ஏதாச்சும் இருக்குங்களா?”

“காலையில ரெண்டு இட்லிங்க.”

சௌந்திரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நான் கேக்கறது கோபம், வருத்தம் இப்படி.”

அர்த்தநாரி தோள் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். சௌந்திரம்தான் சொன்னாள். “அவங்க அண்ணனுங்க.”

டாக்டரம்மா ஒரு காலி நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டார். “உங்க அண்ணன் இதுல உக்காந்திருக்காருன்னு வெச்சுக்கங்க. மனசுல இருக்கறதை அவருகிட்ட நேராச் சொல்லுங்க.”

அர்த்தநாரி சட்டென்று எழுந்து நின்றார். தோள் துண்டு கைக்கு வந்துவிட்டது.

“ஏன் எந்திரிச்சீங்க?”

“அண்ணன் உக்காந்திருக்கறப்ப நான் எப்படீங்க உக்கார்றது?”

“செரி, நின்னுக்கிட்டே சொல்லுங்க. கோபத்தைக் காட்டலாம், திட்டலாம்.”

அர்த்தநாரி நாற்காலியைப் பார்த்தார். “நல்லா இருக்கீங்களாண்ணா?”

“அது திட்டா?”

“மொதல்ல கேக்கோணுமில்லீங்களா.”

கால் மணி நேரம் போராடி அவர் திட்டிய உச்சகட்டத் திட்டு இது: “ஏனுங்ணா, நீங்க அன்னிக்குப் பண்ணுனது கொஞ்சம் செரியில்லீங்களே.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “இதைச் சொல்றப்ப ஒடம்புல எங்க என்ன பண்ணுது?”

அர்த்தநாரி தொண்டைக்குழியைத் தொட்டார். “இங்கீங்க. கல்லு மாதிரி.”

“அதைத் தள்ளப் பாக்காதீங்க. கொஞ்ச நேரம் அதுகூடவே இருங்க. கோபத்துக்கு அடியில வேற என்னமோ இருக்குது, அது தானா வெளிய வரும். ஊட்டுலயும் அண்ணாடம் சாயங்காலம் இதே மாதிரி நாற்காலி போட்டுப் பேசுங்க.”

வீட்டுக்கு வந்ததும் இருப்பதில் நல்ல நாற்காலியை அர்த்தநாரி நடுக்கூடத்தில் போட்டார். எதிரில் நின்று பேச ஆரம்பித்தார். இரண்டாம் நாள் சௌந்திரத்துக்கு மனசு கேட்கவில்லை. “ஊட்டுக்கு வந்தவருக்கு ஒரு வாய் காப்பி குடுக்காமயா?” என்று டம்ளரைக் கொண்டுவந்து நாற்காலி முன் ஒரு முக்காலியில் வைத்தாள். “குடிங்க மாமா.”

ஐந்தாம் நாள் அவளும் கதவோரம் நின்று, தன் கல்யாணத்தில் மூத்தார் எடுத்துக் கொடுத்த சேலை முதல் தண்ணியிலேயே சாயம் போன விஷயத்தை நாற்காலியிடம் மரியாதையாக எடுத்துச் சொன்னாள். இருவருக்கும் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. விக்கல் மட்டும் அப்படியே இருந்தது.

இருபதாம் நாள் சாயங்காலம் குப்பாயி உறைமோர் வாங்க வந்தாள். ஜன்னல் வழியாக அவள் பார்த்தது இதுதான்: காலி நாற்காலி; அதன் முன்னால் காப்பி; கையில் துண்டோடு கண் சிவக்க நிற்கிற அர்த்தநாரி; “உங்களுக்குப் புடிச்ச முறுக்கும் வெச்சிருக்கறேன் மாமா” என்கிற சௌந்திரம். குப்பாயி மோரை மறந்துவிட்டுத் திரும்பி ஓடினாள். செத்தவருக்குத்தானே இப்படிப் படைப்பார்கள்? சௌந்திரத்துக்கு மாமா என்றால் அர்த்தநாரியின் அண்ணன்தானே?

லாரி ஓடுகிற ஊரில் செய்தியும் லாரியில்தான் ஓடும். மறுநாள் மத்தியானம் அர்த்தநாரி பட்டறையிலிருந்து சாப்பிட வந்தபோது, அவர் வீட்டு வாசலில் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே குப்பாயியும் சௌந்திரமும் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். குப்பாயிக்குச் செய்தி எங்கிருந்தோ வந்திருக்கிறது என்று நினைத்துச் சௌந்திரம் அழுதாள். சௌந்திரத்துக்கு முன்னமே தெரியும் என்று நினைத்துக் குப்பாயி அழுதாள்.

“யாருங்க... விக்! யாருங்க போனது?”

மேச்சேரியிலிருந்து கோடி வேட்டியோடு வந்திருந்த சித்தப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க அண்ணன் ராசப்பன்தான் சாமி. உனக்கே தெரியாதா?”

அர்த்தநாரி கூடத்துக்குள் போனார். நாற்காலியைப் பார்த்தார். இருபது நாளாக நின்றுகொண்டே பேசிய மனிதர், அதன் காலடியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“டேய் அண்ணா!” என்று கத்தினார். ஒரு ‘ங்க’ கூட வரவில்லை. “ஏண்டா போனே? உன்னைத் திட்டோணும்னுட்டா ஒம்பது வருசம் காத்திருந்தேன்? என்னிக்காச்சும் ஒருநா நீ வாசல்ல வந்து நிப்பேன்னுதானே இருந்தேன்! அன்னிக்கு அம்மா போனப்ப உன்னைக் கட்டிக்கிட்டு அழுகத்தான்டா ஓடியாந்தேன். நீ மொகத்தைத் திருப்பிக்கிட்டே. அம்மாவும் இல்லாம நீயும் இல்லாம நான் யாருகிட்டடா போய் அழுவறது?”

நாற்காலியின் காலைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நெஞ்சு குலுங்க, மூக்கு ஒழுக, வெட்கமே இல்லாமல் அழுதார். அழுது ஓய்ந்தபோது அவருக்குத் தொண்டை லேசாக இருந்தது. அது ஏன் என்று அவருக்கே புரியவில்லை.

முதலில் கவனித்தவள் சௌந்திரம்தான். “ஏனுங்க, விக்கலைக் காணமே!”

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். சித்தப்பா நூறு வரை எண்ணினார். விக்கல் வரவில்லை. எழவு வீடு என்பதை மறந்து இரண்டு பேர் சிரித்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்து முகத்தைச் சரிசெய்துகொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றாள். தலையில் பூ, நெற்றி நிறையக் குங்குமம். ராசப்பனின் மனைவி கண்ணாத்தாள்.

“உசுரோட இருக்கற மனுசனுக்குப் பந்தல் போட்டது யாருங்க?” என்றாள். “காலையில மூணு தோசை தின்னவரு செத்துட்டாருன்னு லாரிக்காரன் வந்து என்கிட்டயே துக்கம் கேக்கறான்!”

“சௌந்திரந்தான் சொன்னா” என்றாள் குப்பாயி.

“நானெங்க சொன்னேன்? நீதானே வந்து கட்டிப்புடிச்சே!”

சித்தப்பா கோடி வேட்டியை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். தரையில் கிடந்த அர்த்தநாரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று விளங்கவில்லை. “அண்ணன் இருக்காங்களா? நெசமாவா?” என்று நாலு தடவை கேட்டார். பிறகு, தான் கட்டிக்கொண்டிருந்த நாற்காலியை அப்போதுதான் பார்த்தவர்போல, “இது வந்துங்க, டாக்டரம்மா சொல்லி...” என்று இழுத்தார்.

கண்ணாத்தாள் நாற்காலியைப் பார்த்தாள். முக்காலியையும் ஆறிப்போன காப்பியையும் பார்த்தாள். சிரிக்கப்போனவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அந்தச் சூரமங்கலத்து டாக்டரம்மா உங்களுக்குமா நாற்காலி போடச் சொன்னாங்க? எங்க ஊட்டு நாற்காலியில நீங்க வந்து உக்காந்து ரெண்டு மாசமாச்சுங்க கொழுந்தனாரே. அண்ணாடம் சாயங்காலம் உங்க கால்ல உழுந்து அழுவறாரு, எந்திரிங்கன்னு சொல்லத்தான் அங்க ஆளில்லை.”