காடிக்கு அடியில் யார்?

"டக்... டக்... டக்!"

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை சிக்னலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பூக்கடைக்காரர் மாலை கட்டுவதை நிறுத்திவிட்டார்.

காரை ஓட்டிவந்த இயேசுதாசன் ரேடியோவின் ஒலியைக் கூட்டினார். ரேடியோ தோற்றது.

"அப்பா," கல்யாணப் புடவைப் பைகளுக்கு நடுவே புதைந்து கிடந்த மகள் டானியலா பின்சீட்டிலிருந்து சொன்னாள். "கடைசியாச் சொல்றேன். இந்தச் சத்தம் நிக்கலன்னா, அடுத்த மாசம் நான் டாக்சியிலதான் சர்ச்சுக்குப் போவேன்லா."

"என் மகளை நான்தான் என் காடியில கூட்டிட்டுப் போய் எறக்குவேன். மாப்பிள்ளை வீட்லயும் சொல்லியாச்சு."

"சொல்லவே வேணாம்ப்பா. நாம மார்சிலிங்ல கிளம்பும்போதே அவங்களுக்குக் கேட்டுடும்."

முன்சீட்டில் இருந்த மனைவி லொரைன், வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

இயேசுதாசன் சிரிக்கவில்லை. ஏழு பேர் உட்காரும் அந்த வெள்ளி நிறக் காடி பழையதுதான். ஆனால் மணப்பெண்ணை உட்கார வைத்து ஓட்டப்போகும் அந்த ஒரு பயணத்துக்காகவே அவர் அதை விற்காமல் வைத்திருந்தார்.

மறுநாளே சின்னராசுவுக்கு ஃபோன் போட்டார். காடி நிற்கும் இடத்துக்கே வந்து பழுதுபார்த்துக் கொடுக்கிற மெக்கானிக். மதுரைப் பக்கத்து ஆள். சிங்கப்பூரில் இன்னும் ஒரு தீபாவளிகூடப் பார்க்காதவன்.

"மார்சிலிங்ல எங்க புளோக் கார் பார்க்கு, தம்பி. மூணாவது மாடி. லிஃப்ட் பக்கத்துலயே வெள்ளிக் கலர் காடி. நான் ஆபீஸ்ல இருப்பேன், சாவிய வேணும்னா..."

"சக்கரத்துப் பக்கம் சத்தம்னா சாவி எதுக்குண்ணே? ஜாக்கி வச்சுத் தூக்கிருவேன்."

"சரி, நம்பர எழுதிக்க."

"அட, வேணாம்ணே. அந்த மாடியில அவ்வளவு பழசு ஒண்ணுதானே இருக்கும்?"

இயேசுதாசனுக்குச் சுருக்கென்றது. உண்மையாக இருந்ததால் பொறுத்துக்கொண்டார்.

சாயங்காலம் சின்னராசுவே கூப்பிட்டான். "முடிஞ்சுதுண்ணே. புஷ்ஷெல்லாம் மாத்தியாச்சு. இனிமே வண்டி பூனை மாதிரி போகும்."

மறுநாள் காலை காடி கிளம்பியது. பூனை மாதிரி அல்ல, பூனையை மிதித்த மாதிரி.

"டக்... கிறீச்! டக்... கிறீச்!"

"புது சாமான் செட்டாகணும்ல?" என்றான் சின்னராசு. "நல்லா ஓட்டுங்கண்ணே."

நல்லா ஓட்டினார். உட்லண்ட்ஸ் போய்த் திரும்புவதற்குள் 'கொடகொட' என்று புதிதாக ஒரு சத்தமும் வந்து சேர்ந்தது.

பிரேக் பேட் மாற்றியதாக சின்னராசு சொன்னான். அதற்குப் பிறகு பிரேக்கை மிதித்தபோது காடி யோசித்து, வருத்தப்பட்டு, முன்னால் நின்ற பஸ்ஸை முத்தமிடும் தூரத்தில் போய் நின்றது. லொரைன் கண்ணை மூடிக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொன்னாள்.

"கோளாறு டயர்லதான்ணே," என்றான் சின்னராசு. "நாலும் மொட்டை. மாத்திரட்டுமா?"

"மாத்து! எல்லாத்தையும் மாத்து!"

அன்று மாலை இயேசுதாசன் புது டயரை ஆசையாகத் தடவிப் பார்க்கப் போனார்.

தடவிய கை அப்படியே நின்றது.

நாலும் மொட்டை! ஒன்றில் அவர் போன வருஷம் போட்ட ஒட்டுகூட அப்படியே இருந்தது!

"டேய்! புது டயர் எங்கடா?"

ஃபோனில் அவர் கத்தியதற்குப் பதிலாக சின்னராசுவிடமிருந்து வாட்ஸ்அப்பில் படம் வந்து விழுந்தது. கன்னங்கரேலென்று புது டயர். "நல்லாப் பாருங்கண்ணே, ரப்பர் முடிகூட உதிரல."

இயேசுதாசன் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடினார்.

"லொரைன்! யாரோ நம்ம புது டயரக் கழட்டிட்டுப் பழச மாட்டிட்டுப் போயிட்டான்!"

"சிங்கப்பூர்லயா? அதுவும் வேலை மெனக்கெட்டு நம்ம டயரையே தேடிப் புடிச்சுத் திருப்பி மாட்டிட்டா?" லொரைன் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ரொம்ப நல்ல திருடனா இருக்கானேங்க."

கல்யாண வாரமும் வந்துவிட்டது. கொடகொடவுக்குக் காரணம் வீல் பேரிங் என்றும், வியாழக்கிழமை வந்து மாற்றிவிடுவதாகவும் சின்னராசு சொல்லியிருந்தான்.

இயேசுதாசன் அவனிடம் மூச்சுவிடாமல் அன்றைக்கு லீவு போட்டார். காடிக்குள் ஏறி, சீட்டைச் சாய்த்துப் பதுங்கிக்கொண்டார். ஒன்று, மெக்கானிக் மாட்ட வேண்டும். அல்லது திருடன் மாட்ட வேண்டும்.

வியர்த்தது. கால் மரத்தது. இருவருமே வரவில்லை.

'டொக்!'

கண்ணாடியில் தட்டல். துள்ளி எழுந்தவரின் தலை கூரையில் இடித்தது. வெளியே டானியலா நின்றிருந்தாள்.

"அப்பா, கோபப்படக் கூடாது. சனிக்கிழமைக்கு நான் வேற காடி சொல்லிட்டேன். நம்ம புளோக்குல இருக்காங்களே, சர்ச் அல்போன்சம்மாள் ஆன்டி, அவங்களோடது. அதுவும் வெள்ளிக் கலர், பழசுதான். ஆனா நேத்து ஏறிப் பார்த்தேன், சத்தமே இல்லப்பா!"

"அடுத்தவங்க காடியிலயா?" இயேசுதாசன் சீட்டை நிமிர்த்தினார். "அப்ப நான் எதுக்கும்மா இவ்வளவு பாடுபட்டேன்?"

டானியலா பதில் சொல்வதற்குள் ஃபோன் அடித்தது. சின்னராசு!

"முடிஞ்சுதுண்ணே! பேரிங் மாட்டியாச்சு."

"எதுலடா மாட்டின?"

"இது என்ன கேள்வி? உங்க காடியிலதான்."

"நான் காடிக்குள்ளதான்டா உட்கார்ந்திருக்கேன்!"

மறுமுனையில் ஸ்பேனர் ஒன்று 'டங்' என்று விழுந்தது. பிறகு ஒரு நடுங்கும் குரல் வந்தது.

"அண்ணே... நான் காடிக்கு அடியிலதான் படுத்திருக்கேன்."

இயேசுதாசன் இரண்டு காலையும் மெதுவாகத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டார். டானியலா மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"அப்பா... கீழ யாருமே இல்ல."

"தம்பி," இயேசுதாசன் கிசுகிசுத்தார், "நீ உயிரோடதானே இருக்க?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? மூணாவது மாடினுதானே சொன்னீங்க? எங்க ஊர் மாதிரி தரைத்தளத்த விட்டுட்டு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணித்தானே ஒவ்வொரு தடவையும் ஏறி வர்றேன்!"

"விட்டுட்டா? டேய்... இங்க தரைத்தளம்தான்டா ஒண்ணாவது மாடி!"

இயேசுதாசன் தலையை நீட்டி மேலே பார்த்தார். கான்கிரீட் கூரை. அதற்கு மேல் மாடியில்தான் சின்னராசு படுத்திருந்தான்.

"அப்ப... ஒரு மாசமா நான் யார் காடிக்குண்ணே வேலை பார்த்தேன்?"

ஃபோனுக்குள் ஒரு செருப்புச் சத்தம் நெருங்கி வந்து நின்றது. ஏதோ பை ஒன்று தொப்பென்று கீழே விழுந்தது. அதைத் தொடர்ந்து அல்போன்சம்மாளின் குரல், தழுதழுத்து, தெளிவாகக் கேட்டது:

"மாதாவே! என் காடியத் தானாச் சரியாக்கி, நாலு டயரும் புதுசா முளைக்க வச்ச, வானத்துல இருந்து எறங்கி வந்த காவல் சம்மனசு... தம்பி, நீங்கதானா?"