மூக்கருக்குத் தடிமன் பிடித்த ஞாயிறு

கடவுள் நமக்கெல்லாம் மூச்சு விடுவதற்காக மூக்கைக் கொடுத்தார். மூக்கருக்கு மட்டும் மற்றவர்களின் வீட்டுப் புகைபோக்கியை எட்டிப் பார்ப்பதற்காகக் கொடுத்தார். கனடாவின் மொன்றியல் தீவிலும், ஆற்றுக்கு அக்கரையில் எங்கள் லொங்குய்யிலும் எந்த வீட்டில் ஈர விறகு எரிகிறது என்பதை மெட்ரோவில் உட்கார்ந்தபடியே சொல்லக்கூடியவர் அவர். இதில் மிகை இல்லை. இருந்தாலும் கொஞ்சம்தான்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மன்னாரில் பிறந்தவர், வயது அறுபதைத் தாண்டும், தொழில் புகைபோக்கி துப்புரவாக்குவது. முகத்துக்கு நேரே எல்லோரும் "அண்ணை" என்போம். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் "மூக்கர்" என்போம். அது அவருக்கும் தெரியும். தொலைபேசியில் "ஓம், மூக்கர்தான் கதைக்கிறன், சொல்லுங்கோ" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

ஒருமுறை ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனாருக்குக் கை கொடுத்தவர், கையை விடாமல் அவருடைய கோட்டை முகர்ந்து பார்த்தார்.

"உங்கடை வீட்டுப் புகைபோக்கி அடைச்சுப்போய்க் கிடக்கு."

"அண்ணை, இண்டைக்கு என்ரை மகன்ரை கலியாணம்."

"அதுதான் சொல்லுறன். பொம்பிளை மாப்பிள்ளை பின்னேரம் அங்கைதானே வருவினம்?"

நேரே அந்த வீட்டுக்குப் போய், புகைபோக்கிக்குள் தும்புத்தடியை விட்டு இழுத்து முடித்துவிட்டு விருந்துக்குத் திரும்பி வந்தார். அந்தக் கலியாண வீடியோவின் முதல் பாதியில் அவர் வெள்ளைச் சட்டையோடு இருப்பார். இரண்டாம் பாதியில் அதே சட்டை கறுப்பு.

டெப்பனேர் என்னும் மூலைக்கடை வாசலில் கட்டுக்கட்டாக விறகு விற்பார்கள் அல்லவா? அவர் அதில் இரண்டு துண்டுகளை உருவி ஒன்றோடொன்று தட்டிக் காதருகே பிடிப்பார். காய்ந்த விறகு "டங்" என்று பேசுமாம், ஈர விறகு "தொப்" என்று அழுமாம். வாசலில் மத்தளக் கச்சேரி நடப்பதைக் கண்டு கடைக்காரர் பிரெஞ்சில் கத்துவார். மூக்கர் சிரித்தபடி "மெர்சி" சொல்லிவிட்டு அடுத்த கட்டைத் தட்டுவார்.

விபூதிப் புதனன்று வேலை முடிந்த கையோடு கோவிலுக்கு வந்து வரிசையில் நிற்பார். ஒரு வருடம் எங்கள் பங்குச் சுவாமி சாம்பல் கிண்ணத்தோடு அவருடைய நெற்றியைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார். "உங்களுக்கு ஆரோ ஏற்கனவே பூசிப்போட்டினம் போல கிடக்கு!"

இப்படிப்பட்ட மனிதரிடமிருந்து நான் ஒரு குளிர்காலத்தில் ஒளித்துத் திரிந்தேன். அந்த வெட்கத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் பழைய விறகு ஃபேர்னஸ் ஒன்று இருக்கிறது. வீடு முழுவதுக்கும் சூடு அதிலிருந்துதான். அதன் புகைக்குழாய் துருப்பிடித்ததால் நானே புதுக் குழாய் வாங்கிப் பூட்டினேன். நான் பாண் பேக்கரியில் வேலை செய்பவன். சூடு, அடுப்பு எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. விறகு விடியும்வரை நின்று எரியட்டும் என்று காற்றுக் கதவை நன்றாகச் சாத்திவிடுவேன். அதைச் சிக்கனம் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் மூக்கர் என் ஜக்கெற்றைப் பிடித்து முகர்ந்தார்.

"தம்பி, காத்துக் கதவைப் பூட்டியோ எரிக்கிறீர்? அடுப்பு மூச்செடுக்கேலாமல் புகைஞ்சு சாகுது. புகை குளிர்ந்தாத் தாரா மாறும். ஒருக்கா வந்து பாக்கட்டே?"

"பேந்து பாப்பம் அண்ணை."

அதற்குப் பிறகு கோவிலில் அவருக்கு நான்கு வாங்கு வரிசை தள்ளியே உட்கார்ந்தேன். ஜக்கெற்றைக் காரிலேயே விட்டுவிட்டு, நடுங்கிக்கொண்டு கோவிலுக்குள் ஓடியிருக்கிறேன்.

மார்கழியில் என் மனைவி நிர்மலாவுக்குத் தலையிடி தொடங்கியது. விட்டுவிட்டு வரும். சிலநாள் சத்தியும் எடுப்பாள். டொக்டர் இரத்தம் பார்த்தார், ஒன்றுமில்லை. கண் பார்த்து மூக்குக் கண்ணாடி கொடுத்தார்கள், தலையிடி கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்தது. வேலைக்குப் போனால் சுகம், வீட்டுக்கு வந்தால் தலையிடி. "அப்ப வருத்தம் என்னெண்டு தெரியுது, அத்தான்தான்" என்று என் மைத்துனன் பகிடி விட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவளுக்கு ஒன்றென்றால் நான் என்ன செய்வேன்?

தை மாதம் மாதா சுரூபம் எங்கள் வீட்டுக்கு வரும் முறை. வாரத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். ஞாயிறு பின்னேரம் ஊர்ச்சனம் கூடிச் செபமாலை சொல்லும். நிர்மலாவின் தலையிடிக்கு மாதா ஒரு வழி காட்டுவா என்று முழுதாக நம்பினேன். பேஸ்மென்டில் மேசை போட்டு, மாதாவுக்குக் குளிரக்கூடாதே என்று ஃபேர்னஸுக்குப் பக்கத்தில், புகைக்குழாய்க்கு நேர் கீழே வைத்தேன்.

இருபது பேருக்கு மேல் வந்தார்கள். மூக்கரும் வந்தார். ஆனால் அவர் வாசலிலேயே நான்கு முறை தும்மினார்.

"சரியான தடிமன் தம்பி. மூக்கு முழுக்க அடைச்சுப்போச்சு. பூவும் மணக்கேல்லை, மீனும் மணக்கேல்லை."

"ஆண்டவரே, உமக்கு நன்றி" என்று மனதுக்குள் சொன்னேன். மூக்கரின் மூக்கை அடைத்ததற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். இதைப் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிவிட்டேன்.

செபமாலையின் மூன்றாம் காரணிக்கம், மூன்றாவது பத்து மணி, சொல்லும்போது முன்னால் இருந்த எங்கள் கோவில் ராசாத்தி அக்கா எழுந்து கத்தினார்.

"ஐயோ, பாருங்கோ! மாதா அழுறா!"

பார்த்தோம். மாதாவின் வலது கண்ணுக்குக் கீழே கறுப்பாக ஒரு துளி. நாங்கள் பார்க்கப் பார்க்கக் கன்னத்தில் வழிந்தது. பேஸ்மென்ட் முழுவதும் முழந்தாளில் விழுந்தது. "புதுமை, அற்புதம்" என்று சனம் விம்மியது. என் கண்ணும் நிறைந்துவிட்டது. மாதா என் மனைவிக்காக அழுகிறா என்றே நினைத்தேன்.

மூக்கர் மட்டும் எழுந்து மேசைக்குப் போனார். குனிந்து பார்த்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார், பலனில்லை. பிறகு ஒருவரும் எதிர்பாராத காரியம் ஒன்றைச் செய்தார். மாதாவின் கன்னத்தை விரலால் தொட்டு, அந்த விரலை நக்கினார்.

"சீ! மாதாவின்ரை கண்ணீரை நக்குறானே!" என்றார் ராசாத்தி அக்கா.

மூக்கர் சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை எடுத்துத் துப்பினார். அண்ணாந்து குழாயின் பொருத்தைப் பார்த்தார். அடுத்த துளி அங்கே திரண்டுகொண்டிருந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"கிரியோசோட். புகை குளிர்ந்து வடியிற தார். பிள்ளை நிர்மலா, உமக்குத் தலையிடி எண்டு சொன்னவை. வீட்டை வந்தாப் பிறகோ வாறது?"

"ஓம் அண்ணை. வேலைக்குப் போனா ஒண்டுமில்லை."

"இப்ப?"

"இப்பவும் இடிக்குது."

அவர் என் பக்கம் திரும்பினார். "விஷவாயு அலாரம் இருக்கே?"

"சுவரிலை கிடக்கு அண்ணை."

"ஏன் அது கத்தேல்லை? பற்றரி எங்கை?"

நான் மூலையைக் காட்டினேன். அங்கே கிறிஸ்மஸுக்குக் கட்டி இன்னும் கலைக்காத பாலன் குடில். அதன் உச்சியில் அலாரத்தின் இரண்டு பற்றரியில் வால்நட்சத்திரம் மின்னிக்கொண்டிருந்தது.

மூக்கர் நட்சத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"எல்லாரும் வெளியாலை! சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு இந்த நிமிசமே வெளியாலை!"

"செபமாலை முடியேல்லையே!" என்றார் ராசாத்தி அக்கா.

"மாதாவும் வாறா அக்கா, வெளியிலை முடிப்பம்!" என்று சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு, தன் ஜக்கெற்றைக் கழற்றி அதற்குப் போர்த்தினார். தடிமன்காரர், வெறும் சட்டையோடு முழங்கால் அளவு பனிக்குள் நின்றார். தீயணைப்புக்காரருக்கு நான் போன் அடித்தேன். அவர்கள் வருமுன் நான்காம் ஐந்தாம் காரணிக்கங்களைப் பல் அடிக்க அடிக்கச் சொல்லி முடித்தோம்.

அவர்களின் கருவி பேஸ்மென்ட் படியிலேயே கத்தத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாத, மணமும் இல்லாத விஷவாயு வீட்டுக்குள் கசிந்திருந்தது. நிர்மலாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒக்ஸிஜன் கொடுத்து அன்றே அனுப்பினார்கள். இதைக் கண்டுபிடித்தது யார் என்று ஒரு தீயணைப்புக்காரர் கேட்டார். மூக்கர் தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் சொன்னார்: "புவா முய்யே, பா போன்!" ஈர விறகு கூடாது என்று அர்த்தம். தீயணைப்புக்காரர் தொப்பியைக் கழற்றி மூக்கருக்குக் கை கொடுத்தார்.

மறுநாள் மூக்கர் தும்புத்தடியும் வாளியுமாக வந்தார். புகைபோக்கியிலிருந்து பளபளக்கும் கரித்தகடுகளாக இரண்டு வாளி கொட்டினார். புகை போக வழி இல்லாமல் திரும்பி வந்திருக்கிறது. அடுப்புக் கதவில் ஒரு துண்டு கடதாசியை வைத்துப் பூட்டி இழுத்தார். வெண்ணெயில் இருந்து வந்ததுபோல வழுகி வந்தது. "பாத்தீரே? கதவு கடதாசியையே பிடிக்கேல்லை, புகையையோ பிடிக்கப்போகுது?" என்று கதவைச் சுற்றிச் சூடு தாங்கும் புதுக் கயிறு பதித்தார்.

பிறகு நான் பூட்டிய குழாயைக் கழற்றி என் முன்னால் வைத்தார். ஒவ்வொரு துண்டும் தலைகீழாகப் பூட்டப்பட்டிருந்தது.

"புகை மேலை போகும் எண்டு யோசிச்சு மேல் துண்டைக் கீழ்த்துண்டுக்கு வெளியாலை மாட்டியிருக்கிறீர். தார் கீழை இறங்கும் எண்டதை யோசிக்கேல்லை. மேல் துண்டு கீழ்த்துண்டுக்குள்ளை இறங்கவேணும். அப்பதான் வழியிறது குழாய்க்குள்ளாலையே அடுப்புக்குப் போய் எரியும்."

"நான்தான் அவளைக் கொல்லப் பாத்தன் அண்ணை."

"விசர்க் கதை கதையாதையும். அந்தக் குழாயைப் பிடியும்."

அடுத்த ஞாயிறு கோவில் வாசலில் ராசாத்தி அக்கா மூக்கரை மறித்தார். "அப்ப அது புதுமை இல்லையோ?"

"தாரைப் பற்றி என்னட்டைக் கேளுங்கோ அக்கா. அது ஏன் எல்லாரும் இருக்கேக்கை, அதுவும் அந்தக் கன்னத்திலை விழுந்தது எண்டதைச் சுவாமியிட்டைக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு அக்காவுடைய கம்பளிச் சால்வையை மெல்ல முகர்ந்தார். "உங்கடை வீட்டிலையும் ஈர விறகுதான் போல?"

நிர்மலாவுக்குத் தலையிடி போய்விட்டது. கண்ணாடியை அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். அலாரத்துக்குப் பற்றரி போட்டாயிற்று, நட்சத்திரம் இருட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டில் செபமாலை முடிந்ததும் ஓர் அருள்நிறை மரியே செபம் மேலதிகமாகச் சொல்லுவோம். மூக்கரின் சொந்தப் பெயர் தெரியாததால், "எங்கள் அண்ணையின் மூக்கு அடைக்காமல் இருக்க" என்று தொடங்குவாள் நிர்மலா.