படகை எடை போடுகிறவர்

கிராம் ஆசாமி என்றொரு ஜீவராசி உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கடைக்குள் வந்தால் எதையும் முதலில் கண்ணால் பார்க்க மாட்டார், கையால் தூக்குவார். கூடவே புருவத்தையும் தூக்குவார். "கொஞ்சம் வெயிட்டா இருக்கே" என்பார். கைக்குட்டையாக இருந்தாலும் அதே வசனம்தான்.

எங்கள் படகுக் கொட்டகையில் இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் இருக்கிறார். பல் மருத்துவர். அவருக்கு வேண்டியது சர்ஃப் ஸ்கீ, அதாவது மேலே உட்கார்ந்து துடுப்புப் போட்டு, கடலலை முதுகில் ஏறி ஓட்டும் நீண்ட ஒல்லிப் படகு. அதில் இரண்டு வகை. கார்பனில் செய்த மெல்லிசு பதினோரு கிலோ. தடித்த ஃபைபர் பதினான்கு கிலோ. எதை வாங்குவது? இந்த ஒரு கேள்விக்கு டாக்டர் இரண்டு வருஷம் வைத்தியம் பார்த்தார்.

திங்கட்கிழமை மெல்லிசுக் கட்சி. "ஒரு இழுப்பு இழுத்தா பறக்கும் சார்!" புதன்கிழமை கட்சி மாறிவிடுவார். "பாறையில மோதினா பாறைதான் அழணும். அதான் படகு!" வெள்ளிக்கிழமை இரண்டையும் கொட்டகை உத்தரத்தில் தொங்கவிடச் சொல்லி, மீன் நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "முந்நூறு கிராம் இடிக்குதே" என்று பெருமூச்சு விடுவார்.

"அது நேத்து பெய்ஞ்ச மழைத் தண்ணி, டாக்டர்" என்பார் கொட்டகையில் படகு செய்து விற்கும் பட்டறைக்காரர். பொறுமைசாலி.

இத்தனைக்கும் ஆசை டாக்டருடையதே அல்ல, அவர் மனைவியுடையது. வங்கி அதிகாரி. கல்யாணமான இருபது வருஷத்தில் அம்மணி வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்: இருவரும் ஆளுக்கொரு படகில், எதிரே தெரியும் கலங்கரை விளக்கம் வரை சேர்ந்து போய்வர வேண்டும். பயிற்சிகூட எடுத்து முடித்துவிட்டார். ஆனால் அந்தக் கடல் சாதுவாக இருப்பது வருஷத்தில் இரண்டே மாதம். முதல் வருஷம் டாக்டர் ஆராய்ச்சியில் இருந்தார். இரண்டாம் வருஷம் ஆராய்ச்சியைச் சரிபார்த்தார். மூன்றாம் வருஷம் அம்மணிக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. கடலே இல்லாத ஊருக்கு.

அப்போதுதான் டாக்டர் மெல்லிசை வாங்கினார். மணலில் இறக்கியதுமே காற்று அதைத் தூக்கிப் பார்த்தது. "பிடி! பிடி!" என்று அலறினார். அம்மணி பாய்ந்து பிடித்தார். பிடித்தவரால் விடவே முடியவில்லை. மணல் கீறுமே என்று டாக்டர் அடியில் நாடா ஒட்டினார். கல் இடிக்குமே என்று மூக்கில் ரப்பர். துடுப்பு உரசுமே என்று இரண்டு பக்கமும் பட்டை. அந்தப் பட்டை உரியுமே என்று அதன்மேல் இன்னொரு பட்டை. இப்படி மூன்று ஞாயிறு. அவர் ஒட்ட, அம்மணி மணலில் உட்கார்ந்து படகைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான்காம் ஞாயிறு தராசில் மாட்டினால், பதினாலேகால் கிலோ!

அவர் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது. நான் சிரித்தேன். அது வேறு விஷயம்.

"இன்னிக்குத்தாங்க கடைசி ஞாயிறு" என்றார் அம்மணி.

"கொஞ்சம் இரு, இந்த நாடாவ மட்டும் பிரிச்சுட்டு வந்துடறேன்."

அம்மணி எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அண்ணே, அந்தப் பழசக் குடுங்க" என்றார் பட்டறைக்காரரிடம். நாலு இடத்தில் ஒட்டுப்போட்ட தடித்த ஃபைபர் படகு; அதை யாரும் எடை பார்த்ததே இல்லை. தள்ளினார், ஏறினார், இரண்டு அலைகளைத் தாண்டினார். அங்கே திரும்பித் துடுப்பை உயர்த்தினார்.

"வாங்க!"

"இதோ, ரெண்டே நிமிஷம்!" டாக்டர் நிமிரவில்லை. நகத்தால் நாடாவின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அம்மணி காத்திருந்தார். அலையில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ரொம்ப நேரம் காத்திருந்தார். பிறகு படகைக் கலங்கரை விளக்கத்தின் பக்கம் திருப்பினார். காற்று தூக்காமல் டாக்டரின் படகைப் பிடித்துக்கொண்டிருந்தது இப்போது நான்.

சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. போன வருஷத்திலிருந்து நீங்கள் எதையோ ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்களே, அது என்னவென்று நான் கேட்கவில்லை. உங்களை "வாங்க" என்று கூப்பிட்டவர் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறாரா என்று மட்டும் தலையை நிமிர்த்திப் பாருங்கள்.