பாடிக்கு எர்த் கிடைக்காத விவரம்

கரமனை,
திருவனந்தபுரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மைத்துனன் ஜெயகுமாருக்கு,

அத்தான் தாணு எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்காள் கிருஷ்ணவேணியும் நலம். அக்காள் நலம் என்பதைப் போன வியாழக்கிழமை நீயே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனாய், உன்னோடு வேனில் வந்த பத்துப் பேரும் சாட்சி. அங்கு நீயும் ஸ்ரீப்ரியாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க சுசீந்திரத்து சுவாமி துணை நிற்கட்டும். நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய், குடும்ப வாட்ஸாப் குரூப்பிலிருந்தும் விலகிவிட்டாய். ஆகவே தபாலாபீஸ் இன்னும் இருக்கிறதா என்று விசாரித்து, கவர் வாங்கி, கையால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்த பிறகு கிழி.

உன் அக்காளுக்கு மூன்று வருஷமாக வீட்டிலேயே டயாலிசிஸ். வயிற்றில் ஒரு குழாய், நாளைக்கு நாலு வேளை, ஒவ்வொரு வேளையும் பழைய மருந்துத் தண்ணீர் வெளியே வந்து புதிதாக இரண்டு லிட்டர் உள்ளே போக வேண்டும். அந்தத் தண்ணீர் வருகிற பை உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும், கை கழுவ ஓடுகிற தண்ணீர் வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், தூசி கூடாது. இத்தனையும் சேர்ந்து கிடைக்கிற இடம் எங்கள் படுக்கையறை ஒன்றுதான் என்பதால் மூன்று வருஷமாக அவள் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் அன்றைக்கு எடுத்த டெஸ்டில் உன் கிட்னி பொருந்தியதையும், “வீட்ல கேட்டுட்டு வாரேன் அத்தான்” என்று நீ போனதையும், இன்றுவரை கேட்டுக்கொண்டே இருப்பதையும் பற்றி இந்தக் கடிதத்தில் நான் ஒரு வார்த்தை எழுதப் போவதில்லை. இது எலக்ட்ரிக்கல் விவரம் மட்டும்.

ஆவணி மாசம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வயிற்றுச் சவ்வு களைத்துவிட்டது, இதயமும் சரியில்லை, எங்கேயாவது போக ஆசைப்பட்டால் இப்போதே கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். காசி, திருப்பதி என்று சொல்வாள் என நினைத்து அவளிடம் கேட்டேன். போனக்காடு என்றாள். அந்த மலையில் உங்கள் அப்பா தேயிலை எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்த குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு பத்து நிமிஷம் உட்கார வேண்டுமாம். “ஜெயனும் வந்தா நல்லாயிருக்கும்” என்று சொல்லிவிட்டு, “அவன் வரமாட்டான்” என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். அதற்காகத்தான் கழக்கூட்டத்தில் மூடிப்போன ஒரு டூர் கம்பெனியிடமிருந்து பழைய கேரவன் வண்டியை வாங்கினேன். உள்ளே கட்டில், வாஷ்பேசின், தண்ணீர் பம்ப், விளக்கு, பை சூடாக்க நான் வாங்கி வைத்த பெட்டி, எல்லாம் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடும். நாற்பது வருஷம் ஆரியசாலையில் அலுமினியப் பாத்திரம் விற்றவனுக்குப் பன்னிரண்டு வோல்ட்டைப் பற்றி என்ன தெரியும்? ஷாக் அடிக்காது என்றார்கள், அது போதும் என்று வாங்கிவிட்டேன்.

முதல் தடவை கிளம்பினோம். விதுரை வரை அவள் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. மத்தியான வேளைக்கு வண்டியை ஓரம் கட்டி, கை கழுவ பம்பைப் போட்டேன், விளக்கு மங்கிப் போனது, சூட்டுப் பெட்டி கீ கீ என்று நாலு தடவை கத்திவிட்டு அணைந்தது. பை ஐஸ் மாதிரி இருந்தது. சட்டைக்குள் விட்டு வயிற்றோடு கட்டிக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் ரோட்டோரம் நின்றேன். வழியில் போன ஒரு பெண்பிள்ளை நின்று என் வயிற்றைப் பார்த்துவிட்டு, “எத்தனை மாசம் அம்மாவா?” என்று மலையாளத்தில் கேட்டுச் சிரித்தது, அம்மாவன் என்றால் அங்கே மாமா. சிரிக்கட்டும். அவ்வளவு செய்தும் பை பாதிச் சூடுதான் ஆயிற்று. அது உள்ளே போனபோது உன் அக்காள் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினாள், ஜெயகுமார். போனக்காட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.

பிறகு பிரபின் என்று ஒரு மெக்கானிக் வந்தான். பேட்டரியில் மீட்டரை வைத்தான், பன்னிரண்டே முக்கால் காட்டியது, “பெர்ஃபெக்ட் சாரே” என்றான். பெர்ஃபெக்டான பேட்டரியை மாற்றினான். அடுத்த வாரம் எல்லா ஃப்யூஸையும் மாற்றினான், அதற்கடுத்த வாரம் பம்பை மாற்றினான், ஒவ்வொரு தடவையும் மீட்டர் வைப்பான், பெர்ஃபெக்ட் என்பான், அவன் கேட்டைத் தாண்டியதும் நான் பம்பைப் போடுவேன், விளக்கு மங்கும். அப்புறம்தான் ஷிஜி என்கிற பொண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டேன், வண்டி வயரிங்தான் அவளுக்குத் தொழில். போனிலேயே கேட்டாள்: “வெறுதே நிக்கும்போ நோக்கிட்டு என்ன காரியம் சாரே? பம்பு ஓடும்போ நோக்கணும்.” மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை வண்டியின் இரும்பிலும் வைத்துவிட்டு பம்பைப் போடச் சொன்னாள். ஒன்றும் காட்டக்கூடாதாம். இரண்டரை வோல்ட் காட்டியது. விஷயம் என்னவென்றால், கரன்ட் போகிறதுக்கு வயர் இருக்கிறது, திரும்பி வருகிறதுக்கு வயர் இல்லை, வண்டியின் இரும்பு வழியாகத்தான் வர வேண்டும். அந்த இரும்பு உடம்புக்குத் தொழில்காரர்கள் வைத்த பெயர் பாடி. பேட்டரி மைனஸிலிருந்து வருகிற தடி வயரை ஒரு போல்ட் போட்டு அதில் முறுக்கியிருப்பார்கள், அதுக்குப் பெயர் எர்த். “பாடிக்கு எர்த் கிட்டுன்னில்ல, வியாழாழ்ச்ச நான் வராம்” என்றாள். இந்த இரண்டு வார்த்தையை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் போய் சுவிட்சைப் போட்டால் விளக்கும் இல்லை, பம்பும் இல்லை. ஷிஜிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். என்ன பேசினேன் என்று உனக்குத் தெரியும், நீ அதை எத்தனை தடவை கேட்டிருப்பாயோ. “எல்லாம் போச்சும்மா. காலையில ஆறு மணிக்குப் பாத்தேன், ஒரு அனக்கமும் இல்ல. பாடி முற்றத்துலதான் கிடக்கு. ஆரம்பத்துலயே எர்த் சரியா கொடுத்திருந்தா இந்த கதி வந்திருக்காது. நீ சீக்கிரம் வந்தா இன்னைக்கே எடுத்துரலாம்.” எடுத்துரலாம் என்றால் வண்டியை எடுத்துரலாம் என்று அர்த்தம். வண்டி என்கிற வார்த்தையை நான் எங்கேயும் சொல்லவில்லை என்பது என் தப்பு. அது ஷிஜிக்குப் போகாமல் குரூப்புக்குப் போனதும் என் தப்புதான், கண்ணாடி போடாமல் விரலை எங்கே வைத்தேனோ, எப்படி என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. நீங்கள் எல்லோருமாக முப்பத்தேழு தடவை கூப்பிட்டிருக்கிறீர்கள். போன் சைலன்ட்டில் கிடந்திருக்கிறது, நான் வண்டிக்கு அடியில் டார்ச்சோடு கிடந்தேன்.

உங்கள் வேன் வந்து நின்று, முதலில் இறங்கிய முத்தாரம்மாள் சித்தி கேட்டைத் திறந்ததும் பார்த்தது வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த என் இரண்டு காலை. “ஐயோ, ரெண்டு பேரும் போயிட்டாவளே” என்று அவர்கள் போட்ட சத்தத்தில் நான் எழுந்து தலையை இடித்துக்கொண்ட வீக்கம் இன்னும் வற்றவில்லை. அந்த நேரம் பார்த்து ஷிஜி டூல் பையோடு வந்து இறங்கி, மாலையும் கையுமாக நின்ற உங்களையெல்லாம் பார்த்து, வண்டிக்குப் பூஜை என்று நினைத்துக்கொண்டு, “பாடி எவிடே? ஆத்யம் அதை ஒண்ணு அழிச்சு நோக்கட்டே” என்று கேட்டுவிட்டாள். மலையாளத்தில் அழிக்கிறது என்றால் கழற்றுகிறது, அந்தப் பிள்ளை என்ன கண்டது? சித்தி மயங்கி விழுந்தார்கள். நீ மட்டும் யாரையும் பார்க்காமல், பிறந்த வீட்டுக் கோடியைத் தட்டில் ஏந்திக்கொண்டு “அக்கா, அக்கா” என்று வீட்டு வாசலுக்கு ஓடினாய். கதவைத் திறந்தது அவள். செத்தவளுக்குக் கொண்டுவந்த சேலையைத் தட்டிலிருந்து எடுத்து, விரித்து, முந்தானையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “உடுத்துட்டா போகப் போறா, இது போதும்னு எடுத்தியாலே?” என்று கேட்டாள். நீ படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுததும், எழுந்து “மனுசன வச்சு வெளையாடுதியளா அத்தான்” என்று என்னைக் கேட்டதும், காப்பி கூடக் குடிக்காமல் வேனில் ஏறியதும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அவள் கலந்த பதினோரு காப்பியில் நான் மூன்று குடித்தேன்.

நீ போன பிறகு ஷிஜி அந்த போல்ட்டைக் கழற்றினாள். வளையத்துக்கும் இரும்புக்கும் நடுவில் கறுப்புப் பெயின்ட், தடியாக. “ஏது மண்டனாணு இது செய்தது?” என்றாள். மண்டன் என்றால் மடையன், அந்த மடையன் நான். மழையில் துருப்பிடிக்குமே என்று, வாங்கின வாரமே போல்ட்டையெல்லாம் கழற்றி, நாலு கோட் பெயின்ட் அடித்து, காயவைத்து, திரும்ப முறுக்கினேன். பெயின்ட் வழியாக கரன்ட் போகாதாம். அவள் உப்புத்தாள் போட்டு இரும்பு வெள்ளையாகத் தெரிகிறவரை தேய்த்து, புது வளையம் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவினாள். பம்பைப் போட்டேன், பெட்டியைப் போட்டேன், விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை. பத்து நிமிஷ வேலை. உன் அக்காள் அன்றைக்கு ரோட்டோரம் நடுங்கியது நான் அடித்த பெயின்டால்தான் என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு போனக்காடு கிளம்புகிறோம். அவளால் அதற்கப்புறம் ஒரு பயணம் முடியும் என்று டாக்டர் சொல்லவில்லை. நடந்தது முழுக்க முழுக்க என் பிசகு, அதை வைத்து அவளைத் தண்டிக்காதே. ஸ்ரீப்ரியாவுக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், நன்றாகப் படிக்கட்டும். சித்தியிடம் என் கால் இரண்டும் சௌக்கியம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
தாணு.

பி.கு.: ஜெயா, இது அக்கா எழுதுகேன். அத்தான் கவர் ஒட்டப் பசை வாங்கப் போயிருக்காவ. மெசேஜ் மாறிப் போகல்ல. அவுக ஷிஜிக்குத்தான் அனுப்புனாவ. குளிக்கப் போன நேரம் நான் போனை எடுத்துக் கேட்டேன், எனக்கே நான் போயிட்டேனோன்னு தோணிச்சு. குரூப்புக்குத் தள்ளிவிட்டது நான், சைலன்ட்ல போட்டதும் நான். ஃபார்வேர்டுன்னு மேல எழுதியிருந்துது, அழுத அவசரத்துல ஒருத்தரும் பாக்கல்ல. உயிரோட இருக்கேன் வான்னு மூணு வருசம் கூப்பிட்டேன், நீ வரல்ல. செத்தா வருவியான்னு பாத்தேன், ரெண்டரை மணி நேரத்துல வந்துட்ட. கிட்னி தராதது எனக்கு வருத்தந்தான், இல்லேன்னு பொய் சொல்லமாட்டேன். முகத்தை மறைச்சுக்கிட்டதுதான் அதைவிடப் பெருசு. ரெண்டு கிட்னியையும் வச்சுக்கிட்டே ஞாயித்துக்கிழமை வா, யாரும் கேக்கமாட்டோம். அத்தான்கிட்ட இதைச் சொல்லாத, பாவம், அவுக பிசகுன்னே இருக்கட்டும். அடுத்தாப்புல வர்ற மெசேஜை நான் அனுப்பமாட்டேன்.