உபயம்: பங்காளி

பாபநாசத்துக்கு உள்ளடங்கிய அருள்மங்கலத்தில் பக்திக்குக் குறைவே கிடையாது. சிவன் கோயில் ஒன்று, மாதா கோயில் ஒன்று, பிள்ளையார் தெருவுக்கு ஒருவர். இவற்றில் உபயதாரர் பெயர் எழுதாத பொருள் என்று சாமியை மட்டும்தான் காட்ட முடியும். சிவன் கோயில் மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் பெயர் இருக்கிறது. சுற்றினால் படிக்க முடியாது என்பதால் திருவிழா நாட்களில் விசிறியைப் போடுவதில்லை.

இப்பேர்ப்பட்ட ஊரின் கீழத்தெருவில் இருந்த காத்தாயிக்குக் கழிப்பறை தேவைப்பட்டது.

அவள் நடவுக்குப் போகிறவள். இத்தனை வருஷம் வாய்க்கால் கரையே போதுமென்று இருந்துவிட்டாள். இப்போது கும்பகோணத்தில் வாக்கப்பட்ட மகள் மலர்க்கொடிக்குத் தலைப்பிரசவம். "கக்கூஸ் இல்லாத வீட்டுக்கு வாயும் வயிறுமா எம் மருமகளை அனுப்ப மாட்டேன்" என்று சம்பந்தி சொல்லிவிட்டாள். சொன்னதில் தப்பும் இல்லை. வளைகாப்புக்கு இரண்டே மாதம்தான் இருந்தது. தாய்வீட்டுக்கு வராமல் மகள் பிள்ளை பெற்றால் அந்தக் குறை சாகிறவரைக்கும் போகாது என்று காத்தாயி அழுதாள்.

முதலில் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் இளம்பரிதி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"உங்களுக்குத்தான் ஏழு வருஷம் முன்னாடியே கட்டியாச்சேம்மா. இந்தா போட்டோ. நீங்கதான் வாசல்ல நிக்கிறீங்க."

"அது ரேசன் கடை கதவுங்க. மண்ணெண்ணெய் வாங்க நின்னேன்."

"கதவு தெரியுதுல்ல? திட்டத்துல அதுதான் முக்கியம். கோப்புல இருக்கிற கழிப்பறையை இல்லேன்னு சொன்னா அரசாங்கத்தையே அவமதிச்ச மாதிரி. நம்ம ஊர்ல தர்மவான்களா இல்ல? அவங்களைக் கேளுங்க."

மாதா கோயில் பங்குப் பேரவையில் பெரிய கை குழந்தைராஜ். "வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு வேதம் சொல்லுது, காத்தாயி" என்றார். அவருடைய வலது கைக்கே இதுவரை ஒன்றும் தெரியவந்ததில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவளுக்காக மன்றாட்டு வைத்தார். கோயிலுக்குள் கக்கூஸ் என்று சொல்லக் கூசி, "வெளியே சொல்ல முடியாத துன்பத்தில் இருக்கும் நம் சகோதரி காத்தாயிக்காக" என்று முடித்தார். அன்று சாயங்காலம் பன்னிரண்டு பேர் ஹார்லிக்ஸோடு வந்து, டாக்டர் எத்தனை நாள் கெடு கொடுத்திருக்கிறார் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கடைசியாக, சிவன் கோயில் திருப்பணிக் குழுத் தலைவர் தியாகேசன்.

"ஏழைக்குச் செய்யறது ஈசனுக்கே செய்யறது. என்ன வேணும், கூச்சப்படாம கேளு."

"கக்கூஸுங்கய்யா."

தியாகேசன் கூச்சப்பட்டார். "பிரதோஷத்துக்கு அன்னதானம் இருக்கு, வந்து வயிறாரச் சாப்பிடேன்."

"சாப்புட்டா அது இன்னும் அவசரமா வேணுமேங்கய்யா."

"சரி, கட்டினேன்னே வச்சுக்க. உபயம் எழுதணுமா இல்லையா? எழுதாம செஞ்சா யாரு செஞ்சான்னு சாமிக்கு எப்படித் தெரியும்? கக்கூஸ்ல போய் எங்கப்பன் எனக்கு வச்ச பேரை எழுதறதா?" அவருக்குக் கோபம் தலைக்கேறியது. "வேணும்னா உபயம்னு போட்டு எம் பங்காளி நடராசன் பேரை எழுது. நாளைக்கே கட்டித் தர்றேன்!"

தியாகேசனுக்கும் நடராசனுக்கும் வரப்புத் தகராறு. பேச்சுவார்த்தை நின்று ஒன்பது வருஷம். அவர் சொன்னது ஆத்திரத்தில் சொன்னது. காத்தாயிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. மறுநாள் காலையில் கொத்தனாரோடு வந்து நின்றாள்.

"எவ்வளவு ஆழம் குழி வெட்டணுங்கய்யா?"

தியாகேசன் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகத்தில் ஓர் அருள் வந்தது. இதுவரை எந்தத் தானத்திலும் கிடைக்காத மனநிறைவு இதில் கிடைக்கும்போலிருந்தது. "நல்லா ஆழமா வெட்டு. செப்டிக் டேங்க் பெருசா இருக்கட்டும்" என்றார்.

பத்தே நாளில் சுவர் எழும்பியது. ஊர் பெயின்டர் அன்பரசன், 'உபயம்: நடராசன்' என்று சுவர் முழுக்க எழுதினான்.

நடராசன் சும்மா இருப்பாரா? காத்தாயியின் பக்கத்து வீட்டுக்கு ஒன்று கட்டினார், டைல்ஸ் பதித்து. 'உபயம்: திருப்பணிச் செம்மல் சிவத்திரு தியாகேசன்.' மாதா கோயில் சப்பரத்தின் முன்கொம்பை யார் தூக்குவது என்பதில் குழந்தைராஜுக்கும் அதே பேரவையில் இருந்த ரெமிஜியஸுக்கும் பழைய பகை. குழந்தைராஜின் வலது கைக்கு உடனே விழிப்பு வந்தது. ரெமிஜியஸ் பெயரில் இரண்டு கட்டினார். ரெமிஜியஸ், குழந்தைராஜ் பெயரில் மூன்று கட்டி, மந்திரிக்கப் பங்குச் சாமியாரையும் கூப்பிட்டார். சாமியார் ஜுரம் என்று படுத்துக்கொண்டார்.

கீழத்தெருவில் பேச்சே மாறிப்போனது.

"எங்கடா ஓடுற?"

"தியாகேசன் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"நடராசன் காலியா இருக்குதா பாரு."

தெரு முழுக்கக் கழிப்பறை வந்துவிட்டது. காத்தாயி வீட்டுக்கு மட்டும் கதவு பாக்கி. பங்காளி பெயரை இரும்பிலேயே வெட்டி ஒட்ட வேண்டுமென்று தியாகேசன் தஞ்சாவூர்ப் பட்டறையில் சொல்லியிருந்தார். கலைவேலை, நாளாகும் அல்லவா?

இதற்குள் அரசாங்கம் விழித்துக்கொண்டது. 'மேற்படி கிராமத்தில் சுகாதாரம் கட்டுக்கடங்காமல் பெருகி வருவதால் சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படக்கூடும் எனக் கருதப்பட்டு' அமைதிக் கூட்டம் கூட்டப்பட்டது. அதிகாரி ஒன்றரை மணி நேரம் அன்பைப் பற்றிப் பேசினார். தியாகேசன் நடராசனுக்குச் சால்வை போட்டார். குழந்தைராஜ் ரெமிஜியஸைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டார். நால்வரும் சேர்ந்து ஊர் எல்லையில் ஓர் ஒற்றுமை வளைவு கட்டுவதென்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது.

காத்தாயி தியாகேசன் வீட்டுக்கு ஓடினாள்.

"அய்யா, கதவு?"

"இனிமே எதுக்குக் கதவு? பங்காளி பேரைக் கக்கூஸ்ல வைக்கலாமா, பாவமில்ல? அந்த இரும்பை வளைவுக்குத் திருப்பிட்டேன்."

"அடுத்த வாரம் வளைகாப்புங்கய்யா. வயித்துப் பிள்ளைக்காரி கதவில்லாம..."

"ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிடு. ஊர்ல ஒத்துமை வந்திருக்கு, அதைப் பாரு."

வாழ்நாளில் காத்தாயி யாரைப் பற்றியும் கோள் சொன்னதில்லை. சாமியை மனசில் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"நல்லதுங்கய்யா. வளைவுல நடராசன் அய்யா பேரு மேல வருதாம். அய்யா பேரு கீழ, இடப்பக்கத் தூண்லயாம். அந்தப் பக்கந்தான் மாடு வந்து முதுகு தேய்க்கும்னு அவங்க வீட்ல பேசிக்கிட்டாங்க."

தியாகேசன் செருப்பை மாட்டிக்கொண்டு நேராகத் தஞ்சாவூர் பஸ் ஏறினார்.

மறுநாளே கதவு வந்தது. தேக்குச் சட்டம், பித்தளைத் தாழ்ப்பாள், முழ உயர இரும்பு எழுத்தில் நடராசன். வளைகாப்பு முடிந்து மருமகளைக் கொண்டுவந்து விட்ட சம்பந்தி, கதவைத் தடவிப் பார்த்து, "யாரோ நடராசனாமே, எப்பேர்ப்பட்ட மனசு!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். மலர்க்கொடி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டபோது காத்தாயிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

விஷயம் கேள்விப்பட்டுப் பக்கத்து ஊரிலிருந்து நாலு பெண்கள் வந்தார்கள். அவர்கள் தெருவிலும் கழிப்பறை இல்லை. கோப்பில் மட்டும் இருந்தது.

"அக்கா, நீங்கதான் ஒரு வழி சொல்லணும். எங்க ஊர்லயும் கோயிலு, குளம், பெரிய மனுசங்க எல்லாம் இருக்காங்க. பக்தின்னா அப்படி ஒரு பக்தி."

"அவங்களுக்குள்ள எப்படி?"

"சண்டையே கிடையாதுக்கா. அண்ணன் தம்பியாட்டம் அவ்வளவு ஒத்துமை."

காத்தாயி அவர்களை இரக்கத்தோடு பார்த்தாள்.

"அடப் பாவமே!" என்றாள்.