தயவுசெய்து உங்கள் மீன்களை எடுத்துக்கொண்டு போகவும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு (கோர்ட்டுத் தீர்ப்புக்குப் பிறகு இந்த வார்த்தை செல்லுமா என்று தெரியவில்லை. ‘ஐயா’ என்று போட்டுப் பார்த்தேன், மின்சாரம் வரவில்லை என்று புகார் எழுதுவது போல இருந்தது. ஆகவே பழைய வார்த்தையே இருக்கட்டும்),

வணக்கம். நான் நலம். என் மகளும் நலம். தாங்களும் தங்கள் பெற்றோரும் நலமென நம்புகிறேன். தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது யாதெனில், வீட்டை விட்டுப் போகும்போது துணிமணி, புத்தகம், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்துக்கொண்ட தாங்கள், கூடத்தில் இருக்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டியையும் அதிலுள்ள ஆரஞ்சு நிற மீன் ஜோடியையும் மறந்துவிட்டீர்கள். மறந்தீர்களா, விட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. யார்மேல் தப்பு என்றும் இதுவரை கேட்டதில்லை, இனியும் கேட்கமாட்டேன்.

மகளுக்குத் துணையாக நான் இங்கே குடிவந்த நாளிலிருந்து பார்க்கிறேன், அவள் அந்தத் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிடுகிறாள். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க அடுத்தவர் எலும்பை எக்ஸ்ரே எடுக்கிறவள், வீட்டுக்கு வந்தால் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கமாட்டேன் என்கிறாள். “தொட்டியைப் பத்திப் பேச்சே வேண்டாம்பா” என்று சொல்லிவிட்டாள். சரி, உயிர் இருக்கிறதே, பட்டினி போடலாமா என்று நானே தீனி போட ஆரம்பித்தேன். காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவனுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்? ஒருநாள் பார்த்தால் தண்ணீருக்குள் கிடக்கும் பூந்தொட்டி ஓட்டின்மேல் ஆரஞ்சுப் பொட்டுப் பொட்டாக முட்டை. சின்ன மீன் விடாமல் விசிறிக்கொண்டே இருக்கிறது, பெரியது அதை அதட்டிக்கொண்டே இருக்கிறது. எங்கள் வீட்டில் நானும் உங்கள் மாமியாரும் இருந்தது மாதிரியே இருந்தது, புண்ணியவதி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

குஞ்சு பொரிந்ததும் அதுங்களைத் தனி டப்புக்கு மாற்றிவிட்டு மீன் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் ஏதோ சந்தையில் நின்று பேசுகிறார், ஒரே இரைச்சல். “சார், தூள் தீனி எல்லாம் வாய்க்குள்ள போகாது, ரோட்டிஃபர் போடுங்க”ன்னார். எனக்குக் காதில் விழுந்தது ‘ரொட்டி’. நல்ல ரொட்டியாப் பார்த்து வாங்கி, ஓரத்தை எல்லாம் வெட்டி எடுத்துட்டு, நடுப்பகுதியை மட்டும் பொடியா உதிர்த்துப் போட்டேன். தண்ணி பாலாப் போச்சு, அந்தத் தடவை ஒரு குஞ்சும் மிஞ்சலை. கடைக்கே நேரில் போய்ச் சண்டை பிடிச்சேன். அவர் தலையில அடிச்சுக்கிட்டு, “ரொட்டி இல்ல சார், ரோட்டிஃபர்! தண்ணில நீந்துற பூச்சி, தூசி மாதிரி இருக்கும்”னு சொல்லி ஒரு பாட்டில் கொடுத்தார். உள்ளே பார்த்தால் வெறும் அழுக்குத் தண்ணி. “என்னப்பா ஏமாத்துற?”ன்னேன். டார்ச் அடிச்சுக் காட்டினார். அப்பப்பா, வெளிச்சத்துல அத்தனையும் குதிக்குது!

அதோட முடிஞ்சுதா? அந்தப் பூச்சிக்கு யார் சாப்பாடு போடறது? அதுக்குப் பச்சைத் தண்ணி வேணுமாம். உப்புத்தண்ணில பாசியை வளர்த்துக் கரும்பச்சையாக்கணும், அதைப் பூச்சிக்கு ஊத்தணும், பூச்சியைச் சல்லடைத் துணியில வடிகட்டிக் குஞ்சுக்கு ஊத்தணும். மீனுக்குச் சமைக்கிறவனுக்குச் சமைக்க நான். குளியலறை ஜன்னல்ல வரிசையாப் பாட்டில், ஒவ்வொண்ணுக்குள்ளேயும் காத்துக் குழாய், எந்நேரமும் கொடகொடன்னு சத்தம். பாசி தீர்ந்துபோன ஒரு வாரம் அதுக்குப் பதிலா ஈஸ்ட்டைக் கரைச்சு ஊத்தினேன், கை கொஞ்சம் தாராளமாப் போயிடுச்சு, எல்லாம் செத்து நாறி, மேல்வீட்டுக்காரர் சாக்கடை அடைச்சிருக்குன்னு ஆளையே கூப்பிட்டுட்டார். திரும்ப முதல்லேர்ந்து வளர்த்தேன். அடுத்த முட்டை பொரிஞ்சப்ப பூச்சி தயாரா இருந்துச்சு. வடிகட்டி ஊத்தினா, குஞ்சுங்க வளைஞ்சு வளைஞ்சு பாஞ்சு கவ்வுது. நிமிர்ந்து பார்த்தா என் பின்னாடி உங்க... என் மக நிக்கிறா. “சாப்பிடுதாப்பா?”ன்னு கேட்டா. அதுக்கப்புறம் வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி டார்ச்சோட அவளே குளியலறைக்குப் போக ஆரம்பிச்சா. சாப்பிடும்போது நாற்காலியையும் திருப்பிப் போட்டுக்கிட்டா. நானும் ஒண்ணும் கண்டுக்காத மாதிரி இருந்தேன்.

அப்பத்தான் என் தங்கச்சி வந்தா. என் மகளுக்குப் புதுசா ஒரு வரன் வந்திருக்காம், “பொண்ணைப் பார்க்க வந்தா வீடு வீடா இருக்கணும்ண்ணா”ன்னு நான் கடைக்குப் போன நேரத்துல வீட்டைச் சுத்தம் பண்ணியிருக்கா. குளியலறைப் பாட்டில் அத்தனையும் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, பளபளன்னு கவுத்து வெச்சிருக்கா. அவ மேல என்ன குத்தம், நானே முதல்ல அழுக்குத் தண்ணின்னுதானே நினைச்சேன். வேலை முடிஞ்சு வந்த மக பாட்டிலைப் பார்த்தா. கோர்ட்டுல கண்ணு கலங்காதவ, நீங்க பெட்டியைத் தூக்கிட்டுப் போன அன்னிக்குக் கதவைச் சாத்திட்டு நேரா அடுப்பைத் துடைக்கப் போனவ, அப்படியே ஈரத்தரையில உட்கார்ந்துட்டா. “அதெல்லாம் உயிரோட இருந்துச்சு அத்தை! என்ன இருக்குன்னு பார்க்காமலே கொட்டிட்டீங்களே!”ன்னு ஒரே அழுகை. “கண்ணுக்கே தெரியாத பூச்சிக்கா இவ்ளோ அழுகை?”ன்னு தங்கச்சி மிரண்டுபோயிட்டா. வரன் பேச்சையே எடுக்காமக் கிளம்பிட்டா.

சல்லடைத் துணியில ஒட்டியிருந்ததை மக ஒரு டம்ளர்ல அலசி எடுத்தா. டார்ச்சுல பார்த்தா அங்கொண்ணும் இங்கொண்ணுமா ஓடுச்சு. கடையிலயும் இருப்பு இல்லை. டம்ளர்ல இருந்தது பெருகுறதுக்குள்ள குஞ்சுங்க ஒவ்வொண்ணா அடியில படுக்க ஆரம்பிச்சுது. அவ லீவு போட்டுட்டு டப்புப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா. கடைசிக் குஞ்சு நின்ன இடத்துலயே கொஞ்சம் நடுங்கிச்சு, அவ்ளோதான். “நம்ம வீட்ல எதுவும் தங்காதாப்பா?”ன்னு கேட்டா. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களுக்கு வெளியிலேர்ந்து தைரியம் சொல்லியே பழகின ஆள் நான். அன்னிக்கு அவ கையிலேர்ந்த டார்ச்சை வாங்கி அணைச்சதுதான் என்னால முடிஞ்சுது.

ஆகவே மாப்பிள்ளை, தாங்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து மேற்படி மீன்களை எடுத்துச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆள் அனுப்ப வேண்டாம், நீங்களே வந்தால்தான் எந்தக் குழாய் எதற்கு என்று தெரியும். அவளும் அன்று வீட்டில்தான் இருப்பாள். அவசரமில்லாமல் வாருங்கள், தேநீர் குடித்துவிட்டுப் போகலாம். எல்லா நலமும் பெற்றுத் தாங்கள் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார் (முன்னாள் என்று போட மனம் வரவில்லை)

பி.கு.: உறை ஒட்ட நான் பசை தேடிப் போயிருந்தபோது மகள் இதைப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “அப்பா, அவருக்குப் போன மாசமே கல்யாணம் ஆயிடுச்சு. நீங்க தாங்கமாட்டீங்கன்னுதான் சொல்லலை”ன்னா. எனக்குத் தைரியம் சொல்றா பாருங்க, அவ.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். மீன்கள் இங்கேயே இருக்கட்டும், நாங்க ரெண்டு பேரும் பார்த்துக்கறோம். உங்க வீட்டு அம்மாவுக்கும் என் ஆசீர்வாதம். பேர் தெரியாததால் எழுதவில்லை, தப்பா நினைக்க வேண்டாம்னு சொல்லுங்க. ஒரு வாளித் தண்ணிக்கு எவ்வளவு உப்புப் போடுவீங்கங்கிறதை மட்டும் ஒரு வரி எழுதினா உதவியா இருக்கும். கடைக்காரருக்குத் தெரியும்தான். இருந்தாலும்.